கணத்தைக் கவர்ந்த கண்கள்

பொகவந்தலாவையிலுள்ள சென்ட் மேரிஸ் தேவாலயத்தின் சேமக்காலையிலே, கணவனும் மனைவியுமாக இரு ஆங்கிலேயர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். கணவரின் பெயர் சார்ள்ஸ் ஹே கமரன். இலங்கைச் சரித்திரத்தைப் பாடசாலையிற் படித்தோர் கோல்புறூக், கமரன் ஆகிய இரு ஆணையாளரையும் 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கமரனே இவர். மனைவியின் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். பரீட்சைக்காகக் கணவரின் பெயரை மனனஞ் செய்த நம்மில் எத்தனை பேர் மனைவியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? உலகமோ பெரும்பாலும் மனைவியைத்தான் நினைவிற் கொண்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவராக அவ்வம்மையாரைப் பல தேசத்துக் கலைக்கூடங்கள் போற்றுகின்றன. 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 48ஆம் வயதிலே முதன்முதலாகக் கமராவைக் கையில் எடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்தவர். 1879ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ண் தோட்டத்திலே காலமானார். பஸ்ஸில் அவ்வழியே போய்வருவோருள் அநேகர், அது யாரோ ஒரு துரைசாணியின் கல்லறை என்று எண்ணிக் கடந்து போவர்.

நாம் ஈண்டு எழுதப் புகுந்தது விரைவுப் படங்களின் வரலாறு. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்த காலம் போய், ஒரு செக்கனில் பத்து இலட்சம் படங்கள் எடுக்கும் காலம் வந்திருக்கிறது. கைத்தொலைபேசிக் கடைக்காரர்கூட இன்று சென்சர் என்று பேசுகிறாரே, அந்தப் பட உணரி விஞ்ஞான ஆராய்ச்சிக்கு என்ன செய்தது, எப்படி வந்தது என்பதைச் சொல்வதே நமது நோக்கம். இதனைத் தேடிப் படித்தபோது, இவ்வரலாறு மேல்நாட்டு ஆய்வுகூடங்களுக்குள்ளேயே நடந்து முடிந்ததன்று என்பதைக் கண்டோம். நமது மலைகளையும், நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டையும், யாழ்ப்பாணத்தையும் அது பன்முறை தொட்டுச் சென்றிருக்கிறது. ஆகவே கமரன் அம்மையாரிடமிருந்து தொடங்குகிறோம்.

அம்மையார் கையாண்டது ஈரத் தகட்டு முறை. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது காய்ந்து போவதற்கு முன் படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டோடிக் கழுவ வேண்டும். தூய நீரும் இரசாயனப் பொருள்களும் எளிதிற் கிடையாத இந்த நாட்டிலே அது எத்துணைச் சிரமமான வேலை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலே அவர்முன் அமர்ந்தோர் 3 நிமிடம் தொடக்கம் 7 நிமிடம் வரை அசையாதிருக்க நேர்ந்தது என்பர். இலங்கையிலே அவர் எடுத்தவற்றுள் சில படங்களே இன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றிலே நாட்டு மக்களும் தோட்டத் தொழிலாளரும் கமராவை நோக்கி நிற்கின்றனர், அமர்ந்திருக்கின்றனர். மூச்சை அடக்கி நின்ற அம்மக்களின் முகங்கள் நமக்குக் கிடைத்தன. பெயர்கள், பெரும்பாலும், கிடைக்கவில்லை. டார்வினும் டெனிசனும் அம்மையாரின் கமராவுக்கு முன் அமர்ந்தபோது பெயர் எழுதப்பட்டது. நம்மவர் அமர்ந்தபோது குழு என்றும் குடியானவர் என்றும் எழுதினாற் போதும் என்று கருதப்பட்டது. இதனை வெறும் குறையாகச் சொல்லாமல் வரலாற்றுச் செய்தியாகவே சொல்லி வைக்கிறோம்.

அம்மையாரின் நெருங்கிய நண்பர் ஒருவர் சேர் ஜோன் ஹேர்ஷல் என்னும் வானசாஸ்திரி. எடுத்த படம் வெளிச்சத்தில் கருகிப் போகாமல் நிலைக்கச் செய்யும் ஹைப்போ உப்பின் குணத்தைக் கண்டறிந்தவர் அவரே. 1867இல் அம்மையார் எடுத்த ஹேர்ஷலின் முகப்படம் மிகப் பிரசித்தமானது. ஜோன் ஹேர்ஷலின் தந்தையார் வில்லியம் ஹேர்ஷல் 1781இல் யுரேனஸ் என்னும் கிரகத்தைக் கண்டுபிடித்தவர். யுரேனஸ் என்னும் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் அது திரும்பவும் வரும்.

முகத்தைப் படமெடுப்போர் அசையாதே என்று கட்டளையிடலாம். வானத்துக்கு யார் கட்டளையிடுவது? பூரண சூரிய கிரகணம் சில நிமிடங்களே நீடிப்பது. அச்சில நிமிடங்களுக்காக விஞ்ஞானிகள் கப்பலேறிப் பல்லாயிரம் மைல் வந்தனர். 1868 ஆகஸ்ட் 18ஆந் திகதிக் கிரகணத்துக்குப் பிரான்ஸ் தேசத்து ஜான்சன் குண்டூருக்கு வந்தார். அங்கேயே மேஜர் டெனன்ற் என்பவர் கிரகணத்தைத் தகடுகளிற் பதிவு செய்தார். 1871 டிசம்பர் 12ஆந் திகதிக் கிரகணத்தின் நிழலோ தென்னிந்தியாவைக் கடந்து யாழ்ப்பாணத்தின் மேலும் திருகோணமலையின் மேலும் வீழ்ந்தது. ஜான்சன் இம்முறை நீலகிரியிலுள்ள சோலூரில் நின்றார். லொக்கியர் என்னும் ஆங்கில விஞ்ஞானியின் குழுவினர் கேரளத்துப் பேக்கலிலும், பிரிவுகளாக யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் நின்றனர். பேக்கலிலும் யாழ்ப்பாணத்திலும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டம் ஒரே உருவினதாய் இருப்பதைக் கண்டனர். அவ்வொளி பூமியின் காற்று மண்டலத்தில் தோன்றும் மாயத் தோற்றமாக இருந்தால் இடத்துக்கிடம் மாறியிருக்கும். இரண்டு ஊரிலும் ஒன்றாயிருந்தபடியால் அது சூரியனுக்கே உரியது என்ற முடிவு உறுதி பெற்றது. யாழ்ப்பாணத்து வானத்தில் எடுத்த சில தகடுகள் இவ்வளவு பெரிய வழக்கிற்குச் சாட்சியாகின.

மூன்றாண்டுகளின் பின், 1874 டிசம்பர் 9ஆந் திகதி, சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் குறுக்கே கடந்து சென்றது. இந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கும் பொருட்டு, சென்னை வானிலை ஆய்வுகூடத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் இந்திய மொழிகளிலும் வெளிவரும்படி ஒரு சிறு நூல் எழுதினார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இன்று மேடையேறிப் பேசுவோர் இவர் பெயரை அறிந்து வைத்தல் நன்று. அந்நிகழ்ச்சியில் வேண்டப்பட்டது சுக்கிரனின் விளிம்பு சூரியனின் விளிம்பைத் தொடும் சரியான கணம். கண்ணால் பார்த்தோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொன்னார்கள். இதற்கு வழி கண்டவர் ஜான்சன். சுழல் துப்பாக்கியைப் போலத் தகடு தானே சுழன்று நின்று, சுழன்று நின்று படமெடுக்கும் ஒரு கருவியை அவர் அமைத்தார். வட்டத் தகடொன்றில் 72 செக்கன்களில் 48 படங்கள் விழும். யப்பானுக்கு அதனைக் கொண்டுசென்று பயன்படுத்தினார். ஒரு நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக, ஒழுங்கான கால இடைவெளியில், தானாகவே பதிவு செய்த முதற் கருவிகளுள் இதுவே தலையாயது. சினிமாவுக்கு மூதாதை இது என்று சொல்வோரும் உளர். சுக்கிரனைக் காணப் பிறந்த கருவியின் பேரப்பிள்ளையாகிய சினிமாவைப் பார்க்க நம்மவர் அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் போய்வந்திருக்கிறார்கள் என்றால் அது மிகையாகாது.

அதன்பின் காரியம் வேகமாய் நடந்தது. 1878 ஜூன் மாதத்தில் கலிபோர்ணியாவில் மைபிரிட்ஜ் என்பவர் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படமெடுத்து, நான்கு குளம்பும் நிலத்தை விட்டு நீங்கும் கணம் ஒன்று உண்டு என்று காட்டினார். ஜான்சனின் கருவியைப் பார்த்த மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1882இல் பறவை பறப்பதை ஒரு செக்கனுக்கு 12 படமாக எடுத்தார். மைபிரிட்ஜின் குதிரை ஓடி ஏழு மாதங்களின் பின்னரே கமரன் அம்மையார் டிக்கோயாவில் கண்மூடினார். நீண்ட நேரம் அமர்ந்திருக்கச் செய்யும் படக்கலை பொகவந்தலாவையில் அடக்கமான அதே காலத்தில் விரைவுப் படக்கலை பிறந்துவிட்டது என்க.

இக்காலத்தில் நம் முன்னோருக்கு நேர்ந்தது என்ன? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டை வாட்டியது. மன்னார்க் கரையில் இறங்கி, காடும் மேடும் நடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி வந்தோர் தொகை அவ்வாண்டுகளில் பெருகியது. நம்மில் பலருடைய குடும்பக் கதை அப்பஞ்சத்தோடுதான் தொடங்குகிறது. அதே பஞ்சமும் அதன்பின் வந்த மழைப் பொய்ப்புகளும் இன்னொரு கேள்வியையும் எழுப்பின. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பூமியில் பெய்யும் மழைக்கும் தொடர்புண்டா? இக்கேள்விக்கு விடை காண வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தே கொடைக்கானல் மலையில் ஒரு சூரிய ஆய்வுகூடத்துக்கு 1893இல் அனுமதி கிடைத்தது. 1899இல் சென்னை ஆய்வுகூடத்தின் பணிகள் அங்கே மாற்றப்பட்டன. 1901இல் அவதானம் ஆரம்பமாயிற்று. ஒரே பஞ்சம் எம்மை இந்த மலைக்கு அனுப்பியது. கருவிகளை அந்த மலைக்கு அனுப்பியது. மழைக்கும் கரும்புள்ளிக்கும் அவர்கள் நினைத்தது போன்ற நேரான தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் 1904 முதல் நாள்தோறும் சூரியனைத் தகட்டிற் பதிவு செய்யும் வழக்கம் அங்கே நிலைத்தது. 1909 ஜனவரியில் எவர்ஷெட் என்பவர் அவ்விடத்திலேயே, கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலகத்து நூல்களில் இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

1955 ஜூன் 20ஆந் திகதிக் கிரகணத்தை இங்குள்ள மூத்தோர் சிலர் சிறுபிராயத்தில் அனுபவித்திருப்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட பூரண கிரகணம் அது. காலைப் பொழுதில் நிழல் இலங்கையின் மேல் ஓடியது. பல தேசத்து விஞ்ஞானிகள் பெட்டி பெட்டியாகக் கருவிகளைக் கொண்டுவந்து பொலன்னறுவைப் பக்கத்தில் காத்திருந்தனர். மேகம் திரண்டு அவர்களுடைய ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டது. வசம்புக் கஷாயத்தைக் கிரகண நேரத்திற் குடித்தால் மேனி சிவக்கும் என்ற வதந்தியை நம்பிக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் கதையே அந்தக் கிரகணத்தைப் பற்றி ஊரில் அதிகம் பேசப்பட்டது. கமரா எத்துணை விரைவானதாயினும் மேகத்துக்கு முன் அது குருடே.

மேகம் ஒருபுறம் இருக்க, விரைவுக்கே உரிய ஒரு தடை உண்டு. மழையில் குடத்தை வைத்தால் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். ஒரு கணம் வைத்து எடுத்தால் இரண்டு துளி விழும். ஒளியும் துளிகளாகவே வருகிறது. படமெடுக்கும் நேரத்தைக் குறைக்கக் குறைக்கத் தகட்டில் விழும் ஒளித்துளிகளும் குறைகின்றன. புகைப்படத் தகடோ தன்மேல் விழும் நூறு துளியில் ஒன்றிரண்டையே பயன்படுத்தும். அமெரிக்காவில் எட்ஜேர்ட்டன் என்பவர் 1930களில் கண்பறிக்கும் மின்பளிச்சீட்டைக் கொண்டு இத்தடையைத் தாண்டினார். பாலில் துளி விழும்போது எழும் கிரீடம் போன்ற வடிவத்தை உலகம் கண்டது. மேசை மேலுள்ள பாலுக்கு நாம் வெளிச்சம் போடலாம். நட்சத்திரத்துக்கு யார் போடுவார்?

இங்கே யுரேனஸ் திரும்ப வருகிறது. தமிழ்நாட்டில் வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலையில் காவலூர் என்றோர் ஊர் உண்டு. நமது வடபுலத்து ஊர்காவற்றுறையையும் காவலூர் என்று சொல்வர், இது வேறு. வேணு பாப்பு என்னும் வானசாஸ்திரி 1960களின் இறுதியில் அங்கே ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். கொடைக்கானலிலேயே செய்யப்பட்ட 38 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1968இல் அங்கே சென்றது. 102 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1972இல் வந்து சேர்ந்தது. 1977 மார்ச் 10ஆந் திகதி இரவில், யுரேனஸ் கிரகம் மங்கலான ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் செல்லும் என்று கணித்திருந்தார்கள். ஜே. சீ. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூர்த் தொலைநோக்கியில் காத்திருந்தனர். அவர்களிடம் இருந்தது படமெடுக்கும் கருவியன்று. அவ்வளவு மங்கலான ஒளியை அவ்வளவு விரைவாகப் படமாக்க அன்று தகட்டால் முடியாது. நட்சத்திரத்தின் ஒளியை ஒரே புள்ளியாக வாங்கி, அதன் ஏற்ற இறக்கத்தைக் கணத்துக்குக் கணம் பதிவு செய்யும் ஒளிமின் கருவியே இருந்தது. அதிலே எதிர்பாராத ஒரு மங்கல் பதிவாயிற்று. நட்சத்திரம் சில செக்கன்கள் மறைந்து மீண்டும் ஒளிர்ந்தது. யுரேனசுக்கு அருகில் நாம் அறியாத ஏதோ ஒன்று இருக்கிறது!

அதே இரவில், இந்து சமுத்திரத்தின் தென்பகுதிக்கு மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்றிலும் எலியட் முதலிய விஞ்ஞானிகள் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கிரகம் மறைப்பதற்கு முன் ஐந்து மங்கல்கள், மறைத்து நீங்கிய பின் அதே இடைவெளிகளில் ஐந்து மங்கல்கள் அவர்களுக்குக் கிடைத்தன. இருபுறமும் ஒத்திருந்தபடியால் அவை வளையங்கள் என்பது தெளிவாயிற்று. சனிக் கிரகத்துக்கே உரியவை என்று எண்ணியிருந்த வளையங்கள் யுரேனசுக்கும் உண்டு! காவலூராரிடம் தெளிவாகத் தெரிந்தது ஒரு மங்கல் மட்டுமே. ஒன்றை மட்டும் கண்டவர் அதைச் சந்திரன் என்று கருதுவது நியாயந்தான். ஆகவே புதிய உபகிரகம் என்ற தலைப்பில் அவர்களுடைய குறிப்பு இங்கிலாந்தின் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது. அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் பதிவை மேலும் ஆராய்ந்து, சனியைப் போன்ற வளையத் தொகுதி என்று எழுதினார்கள். பாடப் புத்தகங்களில் எலியட்டின் பெயரே நிற்கிறது. அதில் அநீதி இல்லை. அவர்களிடம் கூடுதலான சான்று இருந்தது. ஆயினும் ஜவ்வாது மலையில் விழித்திருந்த குப்புசாமியின் பெயரையும் தமிழ்ப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது நமது கட்சி. அவர் கண்டதை அவர் காலத்திலேயே அச்சில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது பெரிய காரியம்.

அன்று காவலூரில் இல்லாதிருந்த அந்தக் கருவி, அதாவது மங்கலான ஒளியையும் விரைவாகப் படமாகவே பிடிக்கும் கருவி, அப்பொழுதே அமெரிக்காவிற் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. 1969 அக்டோபரில் பெல் ஆய்வுகூடத்தில் பொயில், ஸ்மித் என்னும் இருவர் கணினிக்கு நினைவகம் ஒன்றைத் தேடிப் பேசிக்கொண்டிருந்தபோது உதித்த யோசனை அது. அதன் பெயர் சீ.சீ.டி. 1976இல் வானத்தை நோக்கி அதனைத் திருப்பி எடுத்த முதற் படங்களுள் ஒன்றிலே பதிவான கிரகம் எது என்று நினைக்கிறீர்கள்? யுரேனஸ்தான். விழும் நூறு ஒளித்துளியில் எண்பது, தொண்ணூறு வரை அது பிடித்துக்கொள்ளும்.

அது வேலை செய்யும் விதத்தை விளக்க நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்துக்குப் போனாற் போதும். மலையிலே ஒவ்வொரு பெண்ணும் தன் நிரையில் நின்று கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய கூடையின் நிறை, அவள் நின்ற இடத்தின் விளைவைச் சொல்லும். எல்லோருடைய நிறையையும் மலையின் வரைபடத்தில் அவரவர் இடத்தில் குறித்தால், எங்கே செழிப்பு, எங்கே வறட்சி என்று ஒரு படம் கிடைத்துவிடும். சிலிக்கன் சில்லின் மேலுள்ள நுண்ணிய கட்டங்கள் அப்பெண்களைப் போன்றவை. ஒளி விழுந்தால் அங்கே இலத்திரன்கள் கொழுந்தைப் போலச் சேரும். சீ.சீ.டி.யிலே தராசு ஒன்றே, கணக்கப்பிள்ளை ஒருவரே. ஒவ்வொரு கட்டத்தின் கூடையும் பக்கத்துக் கட்டத்துக்குக் கைமாறிக் கைமாறி, மூலையிலுள்ள அந்த ஒரே தராசுக்கு வரிசையாக வந்து நிறுக்கப்படும். ஆகவே ஒளியைப் பிடிப்பதில் அது சமர்த்து. கணக்கை முடிப்பதில் தாமதம். அவசரப்பட்டு நிறுத்தாலோ நிறை தவறும். (தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கும் வழக்கம் மாத்திரம் சிலிக்கனுக்கு இல்லை.) தராசுக்கு வருமுன் கூடையிலுள்ளதைப் பலமடங்காகப் பெருக்கி, தவறு தெரியாமற் செய்யும் உபாயத்தைப் பின்னர்ச் சிலர் கண்டனர். அதனால் ஓரிரு ஒளித்துளிகளையும் விரைவாக எண்ண முடிந்தது.

பெரிய மாற்றம் 1990களில் வந்தது. விண்கலங்களுக்குச் சிறிய கமரா வேண்டுமென்று கலிபோர்ணியாவில் ஆராய்ந்த எரிக் பொஸ்ஸம் என்பவர், ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கென்று ஒரு சிறு பெருக்கியை வைத்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் நிரையிலேயே ஒரு தராசு கொடுத்தது போலாயிற்று. இதுவே சீமொஸ் உணரி. இன்று கைத்தொலைபேசியில் இருப்பதும் இவ்வினமே. யப்பானியப் பேராசிரியர் கோஜி எத்தோ இன்னொரு வழியிற் சென்றார். தராசுக்குப் போகவே நேரமில்லையென்றால், ஒவ்வொருத்திக்கும் பக்கத்திலேயே நூறு சிறு கூடைகளை வைத்துவிடலாம். வேலை முடிந்த பிறகு ஆறுதலாக நிறுத்துக்கொள்ளலாம். 2001இல் அவர் குழுவினர் வெளியிட்ட உணரியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 103 சேமிப்பு அறைகள் இருந்தன. ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் படம் என்ற வேகத்தில் 103 படங்களை அது எடுத்தது.

இத்தகைய வேகம் எதற்கு என்று கேட்கலாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் மின்னி முழங்கும் மழையை நம்மைப்போல் அறிந்தவர் யார்? மின்னல் ஒரே பாய்ச்சலில் இறங்குவது போலக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் அது படி படியாக இறங்குகிறது. ஏறத்தாழ 50 மீற்றர் பாய்ந்து, ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 50 பங்களவு நின்று, மீண்டும் பாய்கிறது. 1930களில் தென்னாபிரிக்காவில் ஷொன்லன்ட் என்பவர் பொய்ஸ் கமரா என்னும் சுழலும் கருவியைக் கொண்டு இப்படிகளை முதலிற் பிரித்துக் காட்டினார். அன்று பல இரவுகள் காத்திருந்து ஓரிரு மின்னலைப் பிடித்தார்கள். இன்று விரைவு உணரிகள் மின்னல் விழுந்த பிறகும் விழுவதற்கு முந்திய கணங்களை நினைவிலிருந்து எடுத்துத் தருகின்றன. தரையிலுள்ள மரமோ கூரையோ இறங்கிவரும் மின்னலை எதிர்கொள்ள மேல்நோக்கி எவ்விதம் பொறிவிடுகிறது என்பதை இப்படங்களில் காணலாம். மலை முகட்டில் வேலை செய்வோரின் உயிரோடு சம்பந்தப்பட்ட அறிவு இது.

உயிரியலில் இதன் பயன் இன்னும் ஆழமானது. நரம்பிலே ஒரு செய்தி பாயும் நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு. செய்தி பாயும்போது ஒளிரும் சாயங்களை ஏற்றி, விரைவு உணரியால் அதனைப் படமெடுக்கிறார்கள். இலத்திரன் நுண்நோக்கியின் கதை இன்னும் சுவையானது. உறைய வைத்த புரத மூலக்கூறுகளைப் படமெடுக்கும்போது, இலத்திரன் கதிர் பட்டவுடனே அவை சற்று நகரும். படம் கலங்கிப் போகும். கமரன் அம்மையாரின் முன் அமர்ந்து தலையசைத்தவர்களின் முகம் கலங்கியது போல. 2013ஆம் ஆண்டளவில் கேம்பிறிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தார், இலத்திரனை நேரடியாகவே பிடிக்கும் விரைவு உணரிகளைப் பயன்படுத்தி, ஒரு படத்துக்குப் பதிலாகத் தொடர்ச்சியான பல படங்களை எடுத்து, நகர்வைக் கணித்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினர். மூலக்கூறு அசையாதே என்று கட்டளையிட வேண்டிய தேவை நீங்கியது. உடலிற் புரதங்களைச் செய்யும் ரைபோசோமின் உருவம் இவ்வாறு தெளிந்தது. 2014இல் அதே ஆய்வுகூடத்தார் மலேரியாக் கிருமியின் ரைபோசோமையும் இம்முறையாற் கண்டனர். 1934இலும் 1935இலும் மலேரியாவுக்குப் பெருந்தொகையான உயிர்களைப் பலிகொடுத்த தேசம் நமது. கிருமியின் உறுப்பை அணு அணுவாகக் காண முடிந்தால் அதற்கேற்ற மருந்தையும் தேடலாம். 2017ஆம் ஆண்டு இரசாயன நோபல் பரிசு இந்நுண்நோக்கி முறைக்கே கிடைத்தது.

ரைபோசோம் என்றவுடன் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். எக்ஸ் கதிர் முறையால் அதன் அமைப்பைக் கண்டதற்காக அவர் 2009இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு பௌதிகப் பரிசில் பங்கு பெற்றவர்கள் சீ.சீ.டி.யைக் கண்ட பொயிலும் ஸ்மித்தும். கருவி தந்தவருக்கும் கருவிகளால் கண்டவருக்கும் ஸ்டொக்ஹோமில் ஒரே மாலையிற் பரிசு வழங்கியது நல்ல பொருத்தந்தான்.

நமது நாட்டுக்கு வருவோம். மொரட்டுவையில் கட்டுபெத்தையிலுள்ள ஆர்தர் சீ. கிளார்க் நிறுவனத்தில், யப்பான் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. 2019 டிசம்பர் 26ஆந் திகதி, 1871ஐப் போலவே மீண்டும் ஒரு கிரகணப் பாதை நமது வடபுலத்தின் மேல் சென்றது. இம்முறை அது கங்கண கிரகணம். 1871இல் யாழ்ப்பாணத்துக்குக் கண்ணாடித் தகடுகளைக் கப்பலிற் கொண்டுவந்தார்கள். 2019இல் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பைகளிலேயே உணரிகள் இருந்தன.

மேகத்தின் தொல்லைக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 2ஆந் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா விண்கலம் புறப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி என்னும் தமிழ்ப் பெண்மணி. 2024 ஜனவரி 6ஆந் திகதி, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தன் இடத்தை அது அடைந்தது. அதிலுள்ள பெரிய கருவி, சூரிய பிம்பத்தைத் தானே மறைத்து, ஓயாத கிரகணம் ஒன்றை உண்டாக்கி, 1871இல் யாழ்ப்பாணத்தில் சில நிமிடங்கள் மட்டும் கண்ட அதே ஒளிவட்டத்தைப் பார்க்கிறது. நாளொன்றுக்கு 1440 படங்கள் அனுப்பும்படி அதனை அமைத்தனர், நிமிடத்துக்கு ஒன்று. அதனைச் செய்தவர்கள் இந்திய வான்பௌதிக நிறுவனத்தார். சென்னை ஆய்வுகூடத்திலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வழிவழியாக வந்த நிறுவனமே அது, காவலூரும் அதனுடையதே.

அந்நிறுவனத்தார் இன்னொரு வேலையும் செய்திருக்கின்றனர். கொடைக்கானலில் 1904 முதல் நாளுக்கு நாள் சேர்ந்த கண்ணாடித் தகடுகளையும் பிலிம்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, தூசு துடைத்து, சீ.சீ.டி. உணரியின் முன் வைத்துப் படித்து, எண்களாக மாற்றியுள்ளனர். நூறாண்டுக்கு மேற்பட்ட கரும்புள்ளிகளின் போக்கை இப்பொழுது எந்த நாட்டு மாணவனும் கணினியில் இறக்கி ஆராயலாம். நமது பாட்டன்மார் பிரட்டுக்களத்திலே வரிசையாக நின்ற காலை வேளைகளின் சூரியனும் அவற்றுள் நாள் குறித்து இருக்கிறது.